ஒரு நூல்

பதினொன்றில் இயந்திரவியல் எடுத்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர்.
அதில் பெண்கள், நானும் ஷமீலாவும்.
"டெய்லரிங் குரூப்பு மேல் மாடியிலுங்க"
என்று முதல் நாள் வழி சொன்னான் லோகேஷ்வரன்.
நாங்கள் பட்டறை மேசையில் பையை வைத்தோம்.

சூலூரில் எந்தச் சந்தில் நின்றாலும்
எங்கோ ஒரு லேத் ஓடுவது கேட்கும்.
எங்கள் பள்ளி லேத் மட்டும் ஓடாது.
மோட்டார் புகைந்து இரண்டு வருசம்.
மோட்டார் செய்கிற ஊரில்
ஒரு மோட்டாருக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் அரம்தான்.
தள்ளும்போது அழுத்து, இழுக்கும்போது விடு.
இரும்புத்தூள் மூக்குக்குள் போய்
மத்தியானச் சோறு வரைக்கும் மணக்கும்.

புத்தகத்தில் மில்லிமீட்டர்.
அப்பாவின் பட்டறையில் எட்டு நூல் ஒரு இஞ்சு.
அம்மாவுக்கு நூல் என்றால் நைட் ஷிப்ட்,
அறுந்த இடத்துக்கு ஓடிப்போய் முடிவது.
தமிழம்மாவுக்கு நூல் என்றால்
பாயிரம், பத்து மார்க்.

வரைபடப் பாடத்தில் எனக்குப் பிடித்தது ஒரே விதி:
கண்ணுக்குத் தெரியாத விளிம்பை
விட்டுவிடக் கூடாது.
விட்டு விட்டுக் கோடு போட வேண்டும்.

செயல்திட்டம் வந்தது.
உன் சுற்றுப்புறத்தில் ஒரு சிக்கல், தீர்வு, படம்.
பையன்கள் சோலார் என்றார்கள், சொட்டுநீர் என்றார்கள்.
நாங்கள் எழுதிக் கொடுத்தோம்:
பெண்கள் கழிப்பறை, மூன்றாவது கதவு, தாழ்ப்பாள்.
சார் படித்தார்.
மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"வேற தலைப்பு ஏதும் இல்லீங்களாம்மா?"
இல்லீங்க சார்.

ஒருத்தி உள்ளே போனால்
ஒருத்தி வெளியே கதவைப் பிடித்து நிற்போம்,
ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான்.
காலையில் தண்ணி குடிக்காமல் வருகிறவர்களை
வகுப்பு வகுப்பாக எண்ணினோம்.
அந்த எண்ணை நோட்டில் சேர்க்கவில்லை.

முதலில் செய்தது இழுதாழ்.
போர்த் தண்ணி உப்பு, நாலே நாளில் துரு.
அஞ்சாம் நாள் ஆறாம் வகுப்பு நிதர்சனா
உள்ளே மாட்டிக்கொண்டாள்.
கணக்கு பீரியட் முழுக்க.
பையன்கள் வரக்கூடாத இடம் என்பதால்
மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து
ஸ்பேனரை எறிந்தான் லோகேஷ்வரன்.
"பத்து பதினொண்ணு! பத்து பதினொண்ணு போட்டுப் பாருங்க!"
பள்ளிக்கூடமே கேட்டது.
தலைமையாசிரியை எங்களை வெயிலில் நிறுத்தினார்.
வெளியே வந்தவள் அழவில்லை.
"அக்கா, எட்டவே இல்லீங்க.
எக்கி எக்கி அடிச்சேன், செருகிக்கிச்சு" என்றாள்.

அளவெடுத்த அன்று
எங்கள் தோளுக்குத்தான் வைத்திருந்தோம்.

இரண்டாவது, விழுதாழ்.
ஒரு பட்டை, ஒரு ஆணி, தன் பாரத்தில் தானே விழும்.
நிதர்சனாவின் நெஞ்சுயரம்.
பையை இறக்காமல் ஒரு கையால் போடலாம்.
கீல் தளர்ந்து கதவு ஒரு நூல் இறங்கியிருந்தது.
கதவை நிமிர்த்தக் காசில்லை,
அதனால் கொக்கியின் வாயை
ஒரு நூல் கூடுதலாக வெட்டினோம்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூர் ஆள்.
கேட்டது ஆண்–பெண் பொருத்து.
நான் ராவிச் சேர்த்ததை
ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.
"வெளிச்சம் வருதும்மா."
மூன்று மார்க் போயிற்று.
தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
இடைவெளி விட்டதால்தான்
அது பூட்டுகிறது என்று.

நேற்று ஷமீலா உள்ளே போனாள்.
நான் பழக்கத்தில் கதவைப் பிடித்தேன்.
டக்.
"நீ போ, நான் வர்றேன்" என்றது உள்ளிருந்து.
என்ன செய்வதென்று தெரியவில்லை.
குழாயடிக்குப் போய்
வயிறு நிறையத் தண்ணி குடித்தேன்.
பெல் அடித்துவிட்டது.
முதல் கதவுக்குக் கீல் வேறு,
திங்கக்கெழமை அளவெடுக்கோணும்.